தொலைவிலுள்ள கணினியின் டெஸ்க்டொப்பை இயக்குதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: கணினி வலையமைப்பு



ஒரு மழைநாள் மாலை, கண்டி நகரில் வகுப்பை முடித்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் உங்கள் அண்ணன்மார், அக்காமாருக்குக் கொடுக்க வேண்டிய மாதிரி வினாத்தாள் வகுப்புக் கணினியில் இருந்தது. அக்கணினியில் விண்டோஸ், என் வீட்டுக் கணினியில் லினக்ஸ். வீட்டிலிருந்தவாறே அந்த டெஸ்க்டொப்பைத் திறந்து, வினாத்தாளைத் திருத்திச் சேமித்தேன். பின்னர் அச்சிடுவதற்காக வீட்டுக் கணினியில் கோப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை! எல்லாம் அழிந்துவிட்டதோ எனப் பயந்துவிட்டேன். கோப்பு இருக்க வேண்டிய இடத்தில், அதாவது கண்டியில், பத்திரமாக இருந்தது.

நான் செய்த இத்தவறையே பரீட்சையில் பலரும் செய்கின்றனர். ஆகவே இப்பாடத்தின் மையக் கருத்தை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்: வேலை நடப்பது அங்கே, பார்ப்பது மட்டுமே இங்கே.

1. என்ன நடைபெறுகின்றது?

நீங்கள் அழுத்தும் சாவிகளும் சுட்டியின் அசைவுகளும் வலையமைப்பினூடாகத் தொலைவிலுள்ள கணினிக்குச் செல்கின்றன. அக்கணினியின் மத்திய முறைவழி அலகே வேலையைச் செய்கின்றது. அதன் வன்தட்டிலேயே கோப்பு சேமிக்கப்படுகின்றது. மாறிய திரையின் காட்சி மட்டும் உங்களிடம் திரும்பி வருகின்றது. இங்கு டெஸ்க்டொப்பை வழங்கும் கணினி சேவையகம் எனவும், அதைப் பார்க்கும் கணினி சேவைப்பயனர் எனவும் அழைக்கப்படும்.

2. பணிசெயல் முறைமைகள் வேறுபட்டால்?

சிங்களம் மட்டும் தெரிந்தவரும் தமிழ் மட்டும் தெரிந்தவரும் கண்டிச் சந்தையில் விரல்களைக் காட்டி விலை பேசிக்கொள்வதில்லையா? இருவருக்கும் பொதுவான ஒரு முறை இருந்தாற் போதும். கணினிகளுக்கு இடையே அப்பொதுவான விதித்தொகுதியே நடப்பொழுங்கு எனப்படும். முக்கியமானவை மூன்று:

• எக்ஸ் விண்டோ முறைமை: 1984 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளிற் பயன்பட்டது.
• ஆர்.டி.பி.: மைக்ரோசொப்ட் உருவாக்கியது. 1998 இல் விண்டோஸ் என்.டி. 4.0 இன் டேர்மினல் சேர்வர் பதிப்புடன் வந்தது. வழக்கமான துறை இலக்கம் 3389.
• வி.என்.சி.: இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டு, 1998 இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூன்றிலும் இயங்கும். வழக்கமான துறை இலக்கம் 5900.

லினக்ஸ் என்றவுடன் அந்நியமாக எண்ண வேண்டாம். எமது ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய ஹந்தான லினக்ஸ், ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கையிலேயே உருவாக்கப்பட்டது.

3. செய்முறை (லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு)

படி 1: விண்டோஸ் கணினியில் ரிமோட் டெஸ்க்டொப் வசதியை இயக்குக. புரொபெஷனல் பதிப்பில் இவ்வசதி உண்டு. ஹோம் பதிப்பு பிறர் நுழைய இவ்வாறு இடமளிக்காது.
படி 2: அக்கணினியின் ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொள்க.
படி 3: லினக்ஸில் ரெமினா என்னும் மென்பொருளைத் திறந்து ஆர்.டி.பி. என்பதைத் தெரிவுசெய்க.
படி 4: ஐ.பி. முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை வழங்குக.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குச் செல்வதாயின், லினக்ஸ் கணினியில் எக்ஸ்.ஆர்.டி.பி. அல்லது ஒரு வி.என்.சி. சேவையக மென்பொருளை நிறுவ வேண்டும். எம்முறையாயினும் தொலைவிலுள்ள கணினி இயங்கிக்கொண்டிருத்தல் அவசியம்.

4. வேகம் பற்றிய கணிப்பு

1024 × 768 படமூலங்கள் கொண்ட திரையில், ஒரு படமூலத்திற்கு 3 பைற்று எனின்:
1024 × 768 × 3 = 23,59,296 பைற்று (2.25 மெகாபைற்று).
செக்கனுக்கு 2 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பில் இம்முழுத் திரையை அனுப்ப 9 செக்கன்களுக்கு மேல் எடுக்கும். இதனாலேயே மாறிய பகுதிகள் மட்டும், அவையும் சுருக்கப்பட்டு, அனுப்பப்படுகின்றன.

5. பாதுகாப்பு

கடவுச்சொல்லைப் பெற்றவர் உங்கள் கதிரையில் அமர்ந்தவருக்குச் சமம். 3389 ஆம் துறையை இணையத்திற்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். 2019 இல் பழைய விண்டோஸ் பதிப்புகளின் இவ்வசதியிற் கண்டறியப்பட்ட புளூகீப் என்னும் குறைபாடு, கடவுச்சொல் இன்றியே பிறர் நுழைய வழிவிட்டது. வெளியிலிருந்து இணைவதற்கு வி.பி.என். பயன்படுத்துக. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, இத்தகைய மென்பொருளை நிறுவுமாறு எவரேனும் கேட்டால், உடனே அழைப்பைத் துண்டியுங்கள். வீட்டில் அம்மா, அப்பாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது, 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பேராதனையில் உள்ள மாணவி, தன் லினக்ஸ் கணினியிலிருந்து கண்டியிலுள்ள விண்டோஸ் கணினியை இயக்கி ஒரு கோப்பைச் சேமிக்கிறாள். கோப்பு எங்கே இருக்கும்?
2. இதில் சேவைப்பயனர் எது?
3. இடையில் இணைப்பு அறுந்தால், திறந்திருந்த மென்பொருளுக்கு என்னவாகும்?

விடைகள்

1. கண்டிக் கணினியின் வன்தட்டில்.
2. பேராதனையிலுள்ள லினக்ஸ் கணினி.
3. பொதுவாகக் கண்டிக் கணினியில் அது தொடர்ந்து இயங்கும். மீண்டும் இணைந்து வேலையைத் தொடரலாம்.

மூன்றாவது வினாவுக்கு விடை தெரியாவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டாம். "வேலை நடப்பது எங்கே?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், விடை தானாக வரும். பரீட்சையில் வெற்றிபெற வாழ்த்துகள்!