தோளிலிருந்து பையை இறக்குவதற்கு முன்

பொன்னேரியில் விடியற்கால மின்சார ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறி, சென்னை கோல்ஃப் மைதானங்களில் கேடியாகப் பை தூக்க வரும் பழவேற்காட்டுத் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன்தான். என் காலமெல்லாம் அடுத்தவர் பையைச் சுமப்பதிலும், பிறகு உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வேலை பழக்குவதிலும் போயிற்று. உங்களில் சிலருக்கு ஆட்டம் நன்றாகக் கைவருகிறது. பார்த்தவர்கள் "ப்ரோ ஆகிவிடு" என்று உசுப்பிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்குத் தலையாட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. இது பணக்காரர் ஆட்டம், நமக்கு இதில் இடமில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார், 1993-இல் மறுபடியும் வென்றார். அவருக்கு முன் அதை வென்ற ஒரே இந்தியர் பில்லூ சேத்தி. அவர் 1965-இல் அமெச்சூராக ஆடி வென்றவர். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் அதே கோப்பையைத் தூக்கினார். டாக்காவின் குர்மிடோலா மைதானத்தில் பந்து பொறுக்கிய சித்திகுர் ரஹ்மான் 2013-இல் தூக்கினார். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்.

2. காற்றைப் பார்க்க உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். வாடை எது, கொண்டல் எது என்று சின்ன வயதிலேயே உன் உடம்புக்குத் தெரியும். நகரத்துப் பிள்ளைக்கு அதைப் பழக வருஷங்கள் ஆகும். ஆனால் மைதானத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கிள்ளிப் போடும் புல் தரையில் அடிக்கும் காற்றை மட்டும்தான் காட்டும். பந்து பறப்பதோ மரத்துக்கு மேலே. அதனால் உச்சிக் கிளையைப் பார். காலையில் அசையாமல் நிற்கும் கிளை, வெயில் ஏறிக் கடல் காற்று நுழைந்ததும் மேற்கே சாயத் தொடங்கும். எதிர்காற்றில் ஓங்கி அடித்தால் பந்து அதிகம் சுழன்று மேலேதான் ஏறும், முன்னே போகாது. ஒரு படி நீளமான கிளப்பை எடு, நிதானமாக வீசு. வலுவான இளைஞர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

3. நீளமாக அடிப்பதில் மயங்காதே, கிரீனைச் சுற்றியே கிட. கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியாவுக்கு சகாக்கள் வைத்த பெயர் 'சிப்புட்சியா'. சிப்பிங்கும் பட்டிங்கும் அவ்வளவு சுத்தம். அவர் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவர். மகன் 1997-இல் ப்ரோ ஆனார். 2008-இல் ஐரோப்பிய டூர் முதன்முதலாக இந்தியாவில் நடத்திய போட்டியை, உலகப் புகழ்பெற்ற எர்னி எல்ஸ் ஆடிய அதே களத்தில், வென்றார்.

கிரீனில் முதலில் குழியின் விளிம்பைக் குனிந்து பார். நம் ஊர் பெர்முடா புல்லில் விளிம்பின் ஒரு பக்கம் கத்தரித்தது போல் கூர்மையாக இருக்கும், மறுபக்கம் சிதைந்து பழுப்பேறியிருக்கும். புல் அந்தப் பழுப்புப் பக்கமாகத்தான் சாய்ந்து வளர்கிறது. அந்தத் திசையில் உருட்டினால் பந்து ஓடும், எதிரே உருட்டினால் இழுத்துப் பிடிக்கும். பை தூக்கும் நாளில் ஒவ்வொரு கிரீனிலும் இதை மனதுக்குள் கணித்துக்கொண்டு, சார் உருட்டும்போது சரிபார். கூலியோடு படிப்பும் கிடைக்கிற இடம் அது. பல கிளப்புகளில் மைதானம் மூடியிருக்கும் திங்கட்கிழமை கேடிகளை ஆட விடுவார்கள். அந்த நாளைத் தூங்கிக் கழிக்காதே.

4. அமெச்சூர் என்ற நிலையை அவசரப்பட்டு இழக்காதே. இதை யாரும் உனக்கு விளக்கிச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். கேடி கூலி வாங்குவதால் அந்த நிலை போகாது. காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தால் போய்விடும். ஹேண்டிகேப் கழிக்காத போட்டியில் வரம்புக்கு மேல் பரிசு வாங்கினாலும் போய்விடும். 2022 விதிப்படி அந்த வரம்பு 700 பவுண்டு அல்லது 1000 டாலர். சின்னத் தொகைக்கு ஆசைப்பட்டுப் பெரிய அமெச்சூர் போட்டிகளின் கதவைச் சாத்திக்கொள்ளாதே.

ஸ்காட்லாந்தின் ராபர்ட் மக்கின்டயரைப் பார். மேற்குக் கடற்கரையில் ஓபன் என்ற துறைமுக ஊர்க்காரர். அவர் அப்பாவும் புல்தரை பராமரிப்பவர்தான். 2016-இல் பிரிட்டிஷ் அமெச்சூர் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றார். அப்போதும் அவசரப்படவில்லை. 2017-இல் அமெச்சூர்கள் ஆடும் வாக்கர் கோப்பை அணியில் ஆடிய பிறகுதான் ப்ரோ ஆனார். ஆனதும் மேனா டூர் என்ற சிறிய சுற்றில் ஒரு கோப்பை, 2018 முழுக்க ஐரோப்பாவின் இரண்டாம் நிலைச் சுற்றான சேலஞ்ச் டூர், 2019-இல் ஐரோப்பிய டூரின் சிறந்த புதுமுகம், 2020-இல் சைப்ரஸில் முதல் வெற்றி. எந்தப் படியையும் அவர் தாண்டிக் குதிக்கவில்லை.

5. ப்ரோ ஆன பிறகு கணக்கே வேறு. நம் நாட்டில் 2006-இலிருந்து பி.ஜி.டி.ஐ. என்ற ப்ரோக்களின் சுற்று நடக்கிறது. அதில் நுழையத் தகுதிச் சுற்று உண்டு, கட்டணமும் உண்டு. போட்டி பொதுவாக நான்கு நாள். இரண்டாம் நாள் முடிந்ததும் கட் விழும். அதற்குக் கீழே போனால் பரிசுப் பணம் இல்லை. ரயில் செலவு, தங்கும் செலவு, உன் கேடிக்குக் கூலி எல்லாம் உன் கையிலிருந்து போகும். மூன்று வாரம் தொடர்ந்து கட் தவறினால் வீட்டில் அரிசி யார் வாங்குவது? இதற்கு விடை தெரியாமல் பெயர் கொடுக்காதே. அடகு வைத்துக் கிளம்பாதே, அம்மாவின் கம்மல் உன் ஆட்டத்துக்கு முதலீடு இல்லை.

6. கார்டில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு குழியாகப் பார். 1968 மாஸ்டர்ஸில் ரொபெர்டோ டி விசென்சோ 17-ஆம் குழியை மூன்று அடியில் முடித்தார். உடன் ஆடியவர் நான்கு என்று எழுதிவிட, பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். 65 என்பது 66 ஆனது, ப்ளே-ஆஃப் வாய்ப்பு போயிற்று. அன்று அவருக்குப் பிறந்தநாள்.

கிரீனுக்கு வெளியே உன்னால் பந்து அசைந்தால், யாரும் பார்க்காவிட்டாலும், தண்டனை அடியை நீயே சொல். நம் ஏரியில் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பாடு பிரித்துக்கொள்ளும்போது, அடுத்தவன் முறை நாளில் எவனும் அந்த இடத்தில் வலை கட்டுவதில்லை. அங்கே நடுவர் நிற்கிறாரா என்ன? அப்படி வளர்ந்த பிள்ளைக்கு இந்த விதி புதிதாக இருக்காது. கேடி ஷெட்டில் ஒருமுறை பெயர் கெட்டால் திரும்ப வாங்க முடியாது என்பதும் உனக்குத் தெரியும்.

7. தங்கைகளே, உங்களுக்கும்தான். பெங்களூரின் அதிதி அசோக் 2016 தொடக்கத்தில் ப்ரோ ஆனார், அதே ஆண்டு 18 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்தபோது பை தூக்கியது அவர் அம்மா. உங்கள் வீட்டில் ஒருவர் உங்களோடு நிற்கத் தயாரா என்று முதலில் கேளுங்கள். தயார் என்றால் குப்பத்தில் நாலு பேர் பேசுவதைக் காதில் வாங்காதீர்கள்.

8. இரண்டாம் இடம் வந்தால் ஓய்ந்து உட்காராதே. சௌராசியா 2013 இந்தியன் ஓப்பனில் இரண்டாமிடம். 2015-இல் கடைசி நாள் முன்னிலையில் இறங்கி, ப்ளே-ஆஃபில் அனிர்பன் லாஹிரியிடம் இழந்தார். மறுவருஷம் அதே டெல்லி மைதானத்தில் வென்றார். 2017-இல் ஏழு அடி வித்தியாசத்தில் மறுபடியும் வென்றார். அந்த 2015 மாலையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அதற்குப் பிறகு அவர் மாற்றிக்கொள்ளாதது அந்த சிப்பிங், பட்டிங் பயிற்சியைத்தான் என்று நினைக்கிறேன்.

9. ஊரை விட்டு விலகாதே. மக்கின்டயர் அமெரிக்கா போய் வீட்டு நினைவில் வாடினார். 2024 ஜூனில் கனடா ஓப்பனுக்குக் கேடி கிடைக்காமல் அப்பாவைக் கூப்பிட்டார். புல் வெட்டுகிற மனிதர் விமானம் ஏறி வந்து பை தூக்கினார், மகன் வென்றார். வென்ற கையோடு அடுத்த வாரத்துப் பெரிய போட்டியை விட்டுவிட்டு சொந்த ஊரான ஓபனுக்குத் திரும்பினார். அடுத்த மாதமே ஸ்காட்டிஷ் ஓப்பனையும் வென்றார். நீ வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்பினால், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடு. கட் தாண்டினாலும் தவறினாலும் ஞாயிறு இரவு பொன்னேரி வந்து சேர், திங்கட்கிழமை மைதானத்தில் உன்னைப் பார்க்கிறேன்.