எல்லைக்கு அப்பால் 50,000 டொலர் போதுமா?

கியூபெக்கில் வாகன உரிமையாளர் குறைந்தது 50,000 டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி பெற்றிருத்தல் கட்டாயமாகும். அயல் மாகாணமான ஒன்ராறியோவில் அது 200,000 டொலர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் 1978 மார்ச் 1 இல் நடைமுறைக்கு வந்த மாற்றமாகும். அன்றுமுதல் வீதி விபத்தில் காயமுறும் கியூபெக்வாசிகளுக்கு, தவறு எவருடையதாயினும், மாகாண அரசின் வாகனக் காப்புறுதி நிறுவனமே இழப்பீடு வழங்குகின்றது. காயத்துக்காக அவர்கள் இங்கு வழக்குத் தொடர இயலாது. ஆகவே தனியார் காப்புறுதி இங்கு பெரும்பாலும் பிறருடைய உடைமைச் சேதத்தையே ஈடுசெய்கின்றது.

401 நெடுஞ்சாலை வழியே ரொறொன்ரோ செல்லும் குடும்பத்தின் நிலை வேறு. அங்கு விபத்து நேர்ந்தால், காயமுற்ற கியூபெக்வாசிகளை அரச நிறுவனம் அப்போதும் கவனிக்கும். ஆனால் காயமுற்ற ஒன்ராறியோவாசி, தவறிழைத்த சாரதிமீது வழக்குத் தொடரலாம். அங்குள்ள குறைந்தபட்ச அளவுக்குக் காப்புறுதி தானாகவே உயரும் என்பது உண்மையே. எனினும் கடுங்காயத்துக்கான தீர்ப்புத்தொகை அதனையும் விஞ்சக்கூடும். மிஞ்சிய தொகைக்குச் சாரதியின் வீடும் சேமிப்பும் பொறுப்பாகலாம்.

மாகாணம் கடந்து அடிக்கடி பயணிப்போர் பத்து அல்லது இருபது இலட்சம் டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி பெறுதலே விவேகம். எல்லை பன்மடங்காக உயர்ந்தாலும் கட்டணம் அவ்விகிதத்தில் உயர்வதில்லை. தம் தவறால் தம் வாகனத்துக்கே நேரும் சேதம் இதில் அடங்காது. அதற்குரிய காப்புறுதி தனியானது, கட்டாயமற்றது.