நான் எழுதியது தப்பு! கேலக்ஸிகளும் மாறும்

போன மாதம் இதே சுவரில் "கேலக்ஸிகள் என்றும் மாறாதவை" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி, "மாறலைன்னு யாருக்கா உக்காந்து பாத்தா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அறிவியல் டீச்சரிடம் கேட்டுப் படித்தேன். நான் எழுதியது தப்பு.

கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்தது ஒரு கேலக்ஸி. நிறைய கேலக்ஸிகள் சேர்ந்தது கேலக்ஸிக் கூட்டம். சுமார் 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கோமா கூட்டத்தில் 1000க்கும் மேல் இருக்கின்றன. அதன் நடுவில் பெரும்பாலும் சிவந்த, வயசான கேலக்ஸிகள்தான். நீலமாக இருந்தால் அங்கே புது விண்மீன் பிறக்கிறது என்று அர்த்தம். நீல விண்மீன்கள் ரொம்பச் சூடு, சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும்.

சரி, பழைய காலத்தை எப்படிப் பார்ப்பது? பக்கத்து ஊர்த் திருவிழாவில் வேட்டு வெடித்தால் சத்தம் கொஞ்சம் கழித்துத்தானே கேட்கிறது? வெளிச்சம் அதைவிட வேகம், ஆனாலும் அதுக்கும் நேரம் ஆகும். 400 கோடி வருடம் பயணம் செய்து வந்த வெளிச்சம், 400 கோடி வருடத்துக்கு முந்தைய கோலத்தைத்தான் காட்டும். 1978இல் புட்சர், ஓம்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அப்படித் தூரத்துக் கூட்டங்களைப் பார்த்தார்கள். நீலக் கேலக்ஸிகள் நிறைய இருந்தன! பிறகு ஹப்பிள் தொலைநோக்கிப் படங்களில் அவற்றில் பலவும் சுருள் வடிவம் என்று தெரிந்தது. ஒரே கூட்டத்தை இரண்டு வயதில் பார்க்க முடியாதுதான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையையும் பாட்டியையும் ஒரே நாளில் பார்த்து, மனிதர் வளர்வதைப் புரிந்துகொள்கிற மாதிரி.

அந்த நீலம் எங்கே போனது? கூட்டத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி சூடான வாயு இருக்கிறது. காற்றே அடிக்காத நாளிலும் சைக்கிளை வேகமாக மிதித்தால் ஷால் பின்னாடி பறக்குதே, அது மாதிரி உள்ளே வேகமாக விழும் கேலக்ஸியின் சொந்த வாயு பின்னாடி உருவப்பட்டுவிடும். 1972இல் கன், காட் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். வாயுதான் விண்மீனுக்கு மூலப்பொருள். மாவு தீர்ந்தால் தோசை ஏது? இப்படி வால் நீண்டவற்றுக்கு ஜெல்லிமீன் கேலக்ஸி என்று பேர். அந்த வாலிலேயே சில புது விண்மீன்கள் பிறக்குமாம்! (கீழே வரைந்திருக்கிறேன், வால் சரியா வரலை.) இது மட்டும் காரணம் இல்லை. கேலக்ஸிகள் ஒன்றையொன்று இழுப்பதும் மோதுவதும் உண்டு.

இதைச் சொன்னதும் தங்கச்சி, "அப்ப நம்ம பால்வெளி?" என்றாள். இந்தத் தடவை பதில் இருந்தது. நாம் பெரிய கூட்டத்துக்குள் இல்லை, ஆண்ட்ரோமெடாவோடு ஒரு சின்னக் குழுவில் இருக்கிறோம். நம்மிடம் வாயு மிச்சம் இருக்கிறது, இன்னும் விண்மீன் பிறக்கிறது.