கன்னட நாட்டுப் பாறைகளும் அசோக மன்னரும்

சுரங்கத் தொழிலில் பிறந்து வளர்ந்த நமக்குப் பாறையின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 10,000 அடிக்கும் கீழே இறங்கி உழைத்தோரின் மக்கள் நாம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன; எனினும் கல்லைக் கண்டால் நின்று பார்க்கும் வழக்கம் நம்மை விட்டு அகலவில்லை.

நம் தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பெத்தபள்ளியில், எரிமலை கக்கிய கற்றுண்டுகள் ஒன்றோடொன்று இறுகிப் பாறையாகிக் கிடக்கின்றன. சித்திரதுர்க்கம் மாவட்டத்து மரடிஹள்ளியிலோ கற்குழம்பு நீருக்கடியில் பாய்ந்து, தலையணைகளை அடுக்கினாற்போல் உறைந்திருக்கிறது. அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. இவ்விரண்டும் தேசிய நிலவியல் சின்னங்களாம்.

அதே மாவட்டத்தில் பிரமகிரி என்னும் குன்று உள்ளது. அங்கும், அதனை அடுத்த சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய இடங்களிலும் அசோக மன்னரின் சாசனங்களை 1892இல் லூயி ரைஸ் என்பார் கண்டறிந்தார். தாய் தந்தையர்க்குப் பணிதல், உயிர்களிடத்து இரக்கம், வாய்மை ஆகியவற்றை அவை வற்புறுத்துகின்றன. பொறித்தவன் சபடன், தன் பெயரைப் பிராமியில் வெட்டிவிட்டு, 'எழுத்தன்' என்னும் தொழிற்பெயரை மட்டும் வடமேற்கு நாட்டுக் கரோஷ்டி எழுத்தில் வலமிருந்து இடமாக வெட்டினான். தொலைவிலிருந்து வந்த தொழிலாளிக்கும் தன் கைத்திறனில் பெருமை இருந்தது போலும்! அரசாணை வந்த நகரின் பெயர் சுவர்ணகிரி, அதாவது பொன்மலை. அஃது எவ்விடம் என்பதில் அறிஞர் ஒருமித்திலர்; நம் கோலார்தான் என்று நாம் விரைந்து உரிமை கொண்டாட வேண்டா.

இனி, நாம் ஊன்றிக் கற்கவேண்டியது ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கிச் சாசனம். பொன் தேடிச் சென்ற பீடன் என்னும் சுரங்கப் பொறியாளர் 1915இல் இதனைக் கண்டார். பிரின்செப் 1837இல் பிராமி எழுத்தைப் படித்தறிந்த போது, 'தேவர்க்கு இனியன் பியதசி' என்றே மன்னர் பெயர் கிடைத்தது. அவரே அசோகர் என்பதை டர்னர் இலங்கை நூல்களைக்கொண்டு கூறினார். மஸ்கிக் கல்லிலோ அசோகன் என்னும் பெயரே வெளிப்பட்டது, ஐயம் ஒழிந்தது.

அன்பர்களே, அக்கல்லில் வேறொரு சொல்லும் உண்டு. மன்னர் தம்மைப் 'புத்த சாக்கியன்' என்கிறார். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அடுத்த ஆண்டே இச்சொல் வெளிப்பட்டது. அவர் காணக் கொடுத்து வைக்கவில்லை. மேலும், இப்பேறு உயர்ந்தோர்க்கே உரியது என்று கருதலாகாது, எளியோரும் முயற்சியால் அடையலாம், இதனை இருசாரார்க்கும் அறிவிக்க என்பது அச்சாசனத்தின் கருத்து. பிறப்பால் தாழ்ந்தோர் என்று விலக்கப்பட்ட நம் முன்னோர்க்குக் கிட்டாதிருந்த இவ்வாணை, இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேலாக இந்நாட்டு வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கிறது.

வடக்கே பீமா நதிக்கரையில் சன்னதி என்னும் ஊர் உள்ளது. 1986இல் அங்கே காளி கோயிலின் கூரை இடிந்து விழ, சிலையின் பீடத்தில் பதித்திருந்த கல் அசோக சாசனமென்று தெரியவந்தது. அருகிலுள்ள கனகனஹள்ளியில் பின்னர் ஒரு பெரிய தூபியையும் அகழ்ந்தெடுத்தனர். அத்தூபியின் சிற்பமொன்றில் அரசர் ஒருவர் மகளிர் சூழ நிற்கிறார். அதன்மேல் 'ராயோ அசோகோ' என்று பெயர் பொறித்துள்ளது.