வீட்டுக் கணிப்பொறிகளும் தமிழ்க் கோப்புகளும்

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணிப்பொறிகள் இருப்பது இன்று வியப்பன்று. அவை ஒரே ரவுட்டரோடு இணைந்திருப்பின், ஒன்றிலுள்ள கோப்பை மற்றொன்றில் திறக்க இணையமே வேண்டுவதில்லை. உரிய கோப்புறையைப் பகிர்வுக்கெனக் குறித்து, படிப்பவர் யார், திருத்துபவர் யார் என வரையறுத்துக் கடவுச்சொல் இடுதல் போதும். விண்டோஸ் இதற்குக் கையாளும் நெறிமுறை எஸ்.எம்.பி. எனப்படும். அதன் முதற்பதிப்பை இன்னும் இயக்கி வைத்தல் தகாது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' நச்சுநிரல் அதிலிருந்த ஓட்டையின் வழியே பரவியதாகும்.

தமிழ் பயில்வோராகிய நமக்குப் பெருந்தொல்லை வேறொன்று. 1990களில் தட்டச்சிட்ட ஆய்வேட்டுக் கோப்பு நொடியில் வந்து சேரும். திறந்தாலோ பொருளற்ற உரோமானியக் குறிகளே தோன்றும். எழுத்துரு ஒவ்வொன்றும் தமிழெழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் வழங்கியிருந்ததே காரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் மூத்த ஆசிரியர் பலரின் வீடுகளில் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் அச்சேறாதனவும் உள.

ஆதலின் பகிருமுன் எழுத்துருவின் பெயரை அறிந்து, மாற்றி மென்பொருளால் ஒருங்குறியாக்கி, மூலக்கோப்பையும் அழியாது வைத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன்னும், ஒருங்குறியில் பின்னும் பதிவாகும். மாற்றத்தில் அது இடம் பிறழ்வதுண்டு. எனவே ஒருமுறை வரிவரியாக மெய்ப்புப் பார்த்தே பகிர்வோமாக.