மஞ்சளித்த இலையும் மறைந்திருந்த வேரும்

தாவரவியல் செய்முறை வகுப்பில் ரப்பர் செடியின் இலையை மெல்லிய சீவலாக அரிந்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். மேற்புறத்தோல் பல அடுக்குகளாக இருக்கும். ஆங்காங்கே பெரிய செல் ஒன்றனுள் திராட்சைக் கொத்துப் போலக் கால்சியம் கார்பனேட் தொங்கும். 'சிஸ்டோலித்' என்று படம் வரைந்து, பாகம் குறித்து, நானும் மதிப்பெண் பெற்றேன். ஆனால் அதே செடி ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நலிந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அஃது அக்காள் வளர்த்த செடி. தை மாதம் திருமணமாகிச் சென்றபோது என் பொறுப்பில் விட்டுச் சென்றாள். சித்திரையில் அடியிலைகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின. கோடையாயிற்றே, தாகம் போலும் என்றெண்ணிக் காலையும் மாலையும் ஒரு செம்பு நீர் ஊற்றினேன். உதிர்வு கூடியது. சத்துக் குறைவோ என்று ஒரு பிடி யூரியாவும் இட்டேன். உச்சியில் ஆறே இலைகள் எஞ்சின. ஆடிக்கு அக்காள் வந்தால் என்ன சொல்வது?

வாழை பயிரிடும் பெரியப்பா வந்து மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தார். "இலையையே பாத்துக்கிட்டு இருக்கியே தம்பி, வேரு மூச்சு விட வேணாமா?" என்றார். தொட்டி என்று நான் குறிப்பிடுவது ஒரு பழைய பெயிண்ட் டப்பா. அதன் அடியில் துளையே இல்லை!

இச்செடியின் பெயர் ஃபைகஸ் எலாஸ்டிகா. ஆலும் அரசும் இதன் நெருங்கிய உறவினர். ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கும் ஹீவியா மரம் வேறு. மழைக்குப் பெயர்பெற்ற மேகாலயத்தில் காசி மக்கள் இம்மரத்தின் வேர்களை ஓடைகளுக்குக் குறுக்கே வளர்த்து உயிருள்ள பாலங்களாக்கியிருக்கின்றனர். அத்தனை மழையைத் தாங்கும் மரம் இரண்டு செம்பு நீருக்கா சாகும்? அங்கே நீர் வடிந்துவிடுகிறது. மண்ணின் இடைவெளிகளில் காற்று புகுகிறது. டப்பாவிலோ நீர் தேங்கிக் காற்றை வெளியேற்றிவிட, வேர் மூச்சின்றி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே நீருக்குள் நின்றபடியே செடி வாடுகிறது. என் குழப்பம் முழுவதும் இதில்தான்.

அடியிலை மஞ்சளித்து உதிர்ந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் நீர் மிகுதி என்றே கொள்ளலாம். மண் வறண்டு, இலை துவண்டு, ஓரம் பழுப்பானால் நீர்க் குறைவு. சன்னல் பக்கத்து இலையில் மட்டும் வெளிறிய திட்டுகள் தோன்றினால் வெயிற் காயம். இலை பிசுபிசுத்து எறும்பு ஊர்ந்தால் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவோர் உளர். தூசி படிவதுதான் மிச்சம்.

செடியை டப்பாவிலிருந்து எடுத்தேன். கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி நீக்கி, மற்றவற்றை அலசினேன். யூரியாவும் அதோடு போயிற்று. துளையுள்ள மண்தொட்டியில் ஓட்டுச் சில்லிட்டு, செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் சமமாகக் கலந்து நட்டேன். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றினேன். மேலும் இரண்டு இலைகள் உதிர்ந்தன. கை பரபரத்தது; ஆயினும் செம்பைத் தொடவில்லை.

ஆடியில் அக்காள் வந்தாள். மொட்டையாய் நின்ற தண்டைப் பார்த்துச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து, நுனியில் சிவந்து நீண்டிருந்த குருத்துறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் காலை அது பிரிந்திருந்தது.