மூவரும் நம் பிள்ளைகள்

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 8 வயது. நடுப்பையனுக்கு 5 வயது. கடைக்குட்டிக்கு 3 வயது.

நடுப்பையன் தாமதமாக நடந்தான். தாமதமாகவே பேசினான். இப்போது தங்கைதான் அவனைவிட அதிகம் பேசுகிறாள். “போன பிறவிப் பாவம்” என்கிறார்கள் சிலர். அது உண்மை அல்ல. அவன் வளர்ச்சி வேறு விதமானது. அது பெற்றோர் செய்த குற்றம் அல்ல.

அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறார்கள். மூத்தவள் பள்ளிக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். இது சரியா? 6 முதல் 14 வயது வரை கல்வி அவள் உரிமை. தம்பி அங்கன்வாடிக்குப் போகலாம். தங்கையும் போகலாம். அக்காள் பள்ளிக்குப் போகலாம்.

2013 முதல் அரசு மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். சீக்கிரம் காட்டினால் பயிற்சி நல்ல பலன் தரும்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது? குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வாங்குங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கற்றுக்கொடுங்கள். முதலில் சட்டைக்குள் கையை நுழைக்கட்டும். அது பழகிய பிறகு பொத்தான் போடட்டும். செய்ததும் பாராட்டுங்கள். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். அவர்களோடும் தினமும் சிறிது நேரம் பேசுங்கள்.

பேசுவோம்:
1. உங்கள் தெருவில் தம்பி தங்கைக்காகப் பள்ளியை விட்ட பிள்ளை உண்டா?
2. அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன உதவி செய்யலாம்?